மூதாதையரைத் தேடுதல்: யாழ்ப்பாணக் குடிமரபு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்து முப்பத்தொன்றாம் நாள், அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து உணவருந்தி எழுவோரின் கையிலே ஒரு சிறு நூல் வழங்கப்படுவதுண்டு. அதனைக் ‘கல்வெட்டு’ என்பர். திருமுறைப் பாடல்களுக்குப் பின்னர் இறந்தவரின் வரலாறு விருத்தப்பாக்களில் அமைந்திருக்கும். இறுதிப் பக்கத்திலே வம்சாவளி கிளைகிளையாக வரையப்பட்டிருக்கும். நமது இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவசரத்தில் யாக்கப்பட்ட இப்பாடல்களுக்கு இலக்கிய வரலாற்றில் இடம் வேண்டுமென வாதிடுதல் எமது நோக்கமுமன்று. ஆயினும், இந்த இறுதிப் பக்கம் இன்று புதியதொரு வாசகர் கூட்டத்தைப் பெற்றுள்ளது. 1983க்குப் பின்னர் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்துகொண்டு தம் முன்னோரைத் தேடுகின்றனர். மேலைநாட்டவர் பதிவேடுகளையும் கல்லறை எழுத்துக்களையும் துருவி மூதாதையரைக் கண்டறிவதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டிருத்தல்போல இவர்களும் கொண்டுள்ளனர். உமிழ்நீரைச் சிறு குழாயில் அடைத்து அனுப்பினால் மரபணுவை ஆராய்ந்து ‘நீர் இன்ன நாட்டினர், இத்தனை வீதம்’ என்று விடைதரும் நிறுவனங்களும் தோன்றிவிட்டன. அவ்விடையில் மனநிறைவு பெறாதோர் கல்வெட்டின் கடைசிப் பக்கத்துக்கே திரும்பி வருகின்றனர்.

அப்பக்கத்தை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையிற் கேட்கப்படும் வினா.

இத்தேடலை உலகெங்கும் பரப்பியதிற் பெரும்பங்கு 1976இல் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் ‘றூட்ஸ்’ என்னும் நூலுக்குரியது. ஆபிரிக்காவின் கம்பியா நாட்டிலே ஜுபுரே என்னும் கிராமத்திற் பிடிக்கப்பட்டு, 1767இல் அமெரிக்காவுக்குக் கப்பலிற் கொண்டுசெல்லப்பட்ட குண்டா கிண்டே என்பவனிலிருந்து ஏழு தலைமுறைகளை ஹேலி தொடுத்துக் காட்டினார். தமிழிலும் அது ‘ஏழு தலைமுறைகள்’ என வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அமெரிக்க நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் மூதாதையரைத் தேடுவோர் பெருகினர். ஆனால் நூலின் அடித்தளம் விரைவில் ஆட்டங்கண்டது. ஹரல்ட் கூர்லாண்டரின் நாவலொன்றிலிருந்து சில பகுதிகள் நூலிற் புகுந்திருந்தமையை ஹேலி 1978இல் வழக்கு மன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1981இல் ஆய்வாளர் இருதரப்பிலும் கேள்வி எழுப்பினர். குண்டா கிண்டேயின் கதையை ஜுபுரேயிற் கூறிய முதியவர் மரபுவழிவந்த பாணர் மரபினர் அல்லர் என்பதும், ஹேலி எதனைக் கேட்க விரும்பினாரோ அதனையே அவர் கூறியிருத்தல் கூடும் என்பதும் டொனால்ட் றைற்றின் முடிவு. குண்டா கிண்டேக்கு எசமானர் இட்ட பெயரென ஹேலி கருதிய ‘ரோபி’, அந்தக் கப்பல் வந்துசேர்வதற்கு முன்னரே எசமானரின் பதிவுகளிற் காணப்படுகின்றான் என்பதை மில்ஸ் தம்பதியர் காட்டினர்.

இவ்விரண்டையும் யாம் இங்கு எடுத்துரைத்தமைக்குக் காரணமுண்டு. தேடுவோன் கேட்க விரும்புவதைச் சொல்லும் முதியவர், உடைமையாளனின் கணக்கேட்டிலே மட்டும் பெயர் காணப்படும் மனிதன் ஆகிய இருவரும் நமது மரபிலும் உளர்.

முதலிற் பெயரை நோக்குவோம். மேலைநாட்டுத் தேடலின் திறவுகோல் குடும்பப் பெயர். தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாது செல்லும் அப்பெயரைப் பற்றிக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடக்கலாம். யாழ்ப்பாணத் தமிழருக்கு அத்தகைய பெயர் இருந்ததில்லை. தந்தையின் பெயர் மகனின் முதலெழுத்தாகும்; மகனின் பெயர் பேரனின் முதலெழுத்தாகும்; ஒரு தலைமுறையோடு பெயர் உதிர்ந்துவிடும். சி. வை. தாமோதரம்பிள்ளை என்ற பெயரிலே ‘சி’ சிறுப்பிட்டி. ‘வை’ தந்தையார் வைரவநாதபிள்ளை. ஊரும் தந்தையுமே அங்குண்டு, அவற்றுக்கப்பால் எதுவுமில்லை. பெண்களின் நிலை இன்னும் வேறு. மணமாகுமுன் தந்தையின் எழுத்தையும் பின்னர் கணவரின் எழுத்தையும் தாங்குகின்றாள். தாயின் பெயர் எவ்விடத்தும் எழுதப்படுவதில்லை.

குடும்பப் பெயர் போலத் தோன்றும் பெயர்களும் தேடுவோனை வேறு திசைக்கே இட்டுச் செல்வன. முத்துக்குளிக்கும் துறையிலே 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர் பெர்னாண்டோ போன்ற போர்த்துக்கேயப் பெயர்களைப் பெற்றனர். அப்பெயரின் ‘தோற்றம்’ ஐபீரியத் தீபகற்பத்திலே உளது, பெயர் தாங்கியோரின் தோற்றம் அங்கில்லை. அமெரிக்க மிசனறிமாரின் பாடசாலைகளில் விடுதியிலிருந்து பயின்ற சிறுவர்க்கு, அவர்தம் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர் விரும்பிய பெயர்கள் சூட்டப்பட்டன. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை, ஆர்னோல்ட் ஆனது இவ்வாறுதான். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோர் பெயர்களும் இவ்வகையின. ஆர்னோல்ட் என்னும் பெயரின் வேரைத் தேடிச் செல்பவன் மானிப்பாயை அடையான். கடல்கடந்து பத்துக் காசு கொடுத்த யாரோ ஒருவரின் வீட்டு வாயிலையே அடைவான். இன்று கனடாவிலே வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்களின் ‘குடும்பப் பெயர்’ எதுவென ஆராய்ந்தாலும் இதற்கு ஒப்பான செய்தியே கிட்டும். குடிவரவுப் படிவத்திலே வெறுமையாக விடவியலாத ஒரு கட்டத்தை நிரப்பும் பொருட்டு எழுதப்பட்ட தந்தை பெயர் அங்கே உறைந்து, பிள்ளைகளுக்கும் பேரருக்கும் உரியதாகிவிட்டது. அப்பெயர்களின் தொன்மை நாற்பது ஆண்டுகள்.

பெயர் கைகொடாதவிடத்து நூல் கைகொடுக்கும் என்று நம்புவோர் உளர். கல்வெட்டுக்களின் தொடக்கத்திலே ‘இன்ன முதலியின் வழித்தோன்றல்’ என வரும் தொடர்களின் மூலம் எது? பெரும்பாலும் அது கைலாயமாலையே. உறையூர் முத்துராச கவிராயர் பெயரில் வழங்கும் இக்கலிவெண்பா நூல், நல்லூரிலே சிங்கையாரியன் அரசமைத்துக் கைலாயநாதர் கோயில் எடுத்த வரலாற்றைப் பாடுவது. இடையே, தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட பிரபுக்கள் இன்னின்ன ஊரில் இருத்தப்பட்டனர் என ஒரு வரிசை வருகின்றது. திருநெல்வேலிக்குப் பாண்டிமழவன், நெடுந்தீவுக்குத் தனிநாயகன் என ஊருக்கொரு தலைவன். 18ஆம் நூற்றாண்டிலே மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியபொழுது, கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டார். பிரபுக்களின் வரிசை உரைநடையில் ஏறிற்று. 1879இல் பிறிற்றோ அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். அதன்பின் அவ்வரிசை ‘வரலாறு’ ஆயிற்று.

சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதி, வைபவமாலையிலே எது ஏற்கத்தக்கது, எது கட்டுக்கதை எனப் பகுத்துக் காட்ட முயன்றார். அவருக்குப் பின்வந்த வரலாற்றாசிரியரும் அப்பணியைத் தொடர்ந்துள்ளனர். அவர்களுடைய வினா ‘இது நிகழ்ந்ததா?’ என்பது. இலக்கிய மாணவனுக்கு இன்னொரு வினாவும் உண்டு: இது எவ்வகை நூல்? யார் கேட்க, யாருக்காகப் பாடப்பட்டது?

இவ்வினாவோடு பிரபுக்களின் வரிசையை மீள வாசித்தால் அதன் வாய்பாடு தெளிவாகும். சோழ நாட்டிலோ பாண்டி நாட்டிலோ சிறப்புற்ற ஓர் ஊர், அவ்வூரிலே குறைவற்ற குலம், அக்குலத்துத் தோன்றல், அவனுக்கு அரசன் அளித்த யாழ்ப்பாணத்துக் கிராமம். ஒவ்வொருவனுக்கும் இதே நான்கு கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எவன் எதற்காகத் தன் ஊரைவிட்டு நீங்கினான் என்ற செய்தி இல்லை. அவன் வருமுன் அக்கிராமத்திலே யார் இருந்தனர் என்ற செய்தியும் இல்லை. மனைவியரும் இல்லை. இது புலம்பெயர்வின் வரலாறாக அமையவில்லை. காணியாட்சிக்குரிய உரிமையை அரசன் வாயால் உறுதிப்படுத்தும் பாடலாகவே அமைந்துள்ளது. நமது நொத்தாரிசுமார் எழுதும் உறுதியில் முதற்பந்தி உரிமைவந்த வழியைக் கூறுமன்றோ? கைலாயமாலையின் இப்பகுதி அப்பந்தியின் வேலையைக் கவியிலே செய்கின்றது.

பிற்காலத்துப் பிரபந்தங்கள் இம்மரபைத் தொடர்ந்தன. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கரவை வேலன் கோவை கரவெட்டிப் பிரபு ஒருவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. சின்னக்குட்டிப் புலவரின் தண்டிகைக் கனகராயன் பள்ளு தெல்லிப்பழைக் கனகராயனைப் புகழ்வது. பின்னதை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். ஏனெனிற் பள்ளுப் பிரபந்தத்திலே உழுவோர் மேடையேறுகின்றனர். தலைவனின் குலமும் கொடையும் கொடிவழியும் பாடப்படுகின்றன. நெல்வகையும் மாட்டுவகையும் பெயர் பெயராக அடுக்கப்படுதல் அப்பிரபந்த மரபு. ஆனால் வயலிலே நாற்று நடும் பெண்கள் மூத்தபள்ளி, இளையபள்ளி என்றே நிற்கின்றனர். நெல்லுக்குத் தனித்தனிப் பெயருண்டு; நட்டவளுக்கு முறைப்பெயர் மட்டுமே உண்டு. பள்ளு மக்கள் இலக்கியம் என்று பாராட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்வதாகத் தெரியவில்லை.

நிற்க. குடிமரபுக் கூற்றுக்கள் மாறாதவை என்று எண்ணுவதும் தவறு. ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களிலே மடப்பளியார் தனிச் சாதியினராகப் பதியப்பட்டுள்ளனர். பதவிகளின் பொருட்டு அவர்களுக்கும் வெள்ளாளருக்கும் இடையே நிலவிய போட்டி ஆட்சியாளரின் கவனத்தைப் பெறுமளவுக்கு இருந்தது. பின்னர் அப்பெயரே பதிவுகளிலிருந்து மங்கி மறைந்தது. அவர்கள் எங்கும் செல்லவில்லை, வெள்ளாளருள் அடங்கினர். இன்று அவர்தம் வழித்தோன்றல் ஒருவரின் கல்வெட்டிலே மடப்பளி முன்னோர் இடம்பெறுவாரா, கைலாயமாலைப் பிரபு இடம்பெறுவாரா என்பதை வாசகர் ஊகிக்கலாம். நம்மிடையே மூதாதையரைத் தேடுதல் பெரும்பாலும் சாதியைத் தேடுதலாகவும், தேடிய சாதியைச் சற்று உயர்த்திக் காணுதலாகவும் முடிவதை மறைத்துப் பயனில்லை.

குடிமரபுக் கவிகளைவிட நம்பத்தக்க சான்றுகள் இல்லையா எனின், உள. தோம்பு என்னும் காணிப் பதிவேடும், ஒல்லாந்தர் காலத்துப் பள்ளித் தோம்பும் அத்தகையன. சட்டபூர்வமான மணத்துக்கும் பதவிக்கும் திருமுழுக்கு வேண்டப்பட்ட அக்காலத்திலே, வீட்டிற் சைவராயிருந்தோர் பலர் பதிவேட்டில் தொன் பிலிப்பு ஆகவும் தொன் யுவான் ஆகவும் காணப்படுகின்றனர். தம் முப்பாட்டனாருக்கு முப்பாட்டனார் இவ்வாறு பதியப்பட்டிருக்கக் கண்டு திகைத்த அன்பர்களை யாம் அறிவோம். ஆனால், எமது அனுபவத்திலே யாவற்றிலும் பயன்தருவது வீட்டு றங்குப் பெட்டியிற் கிடக்கும் காணி உறுதியே.

இக்கட்டுரையாளனும் ஒருகால் அப்பெட்டியைத் திறந்தான். தந்தைவழி முன்னோரை நான்கு தலைமுறைக்குமேற் கூற வீட்டில் எவருமில்லை. குடியிருக்கும் வளவின் உறுதியை எடுத்துப் பின்னோக்கிச் சென்றபொழுது தந்தைவழி அறவே தோன்றவில்லை. வளவு தாய்க்குச் சீதனமாக வந்தது. தாய்க்கு அதனை எழுதிக் கொடுத்தவர் பாட்டி. பாட்டிக்கு அவர் தாய். கையெழுத்திட அறியாத ஒருத்தியின் புள்ளடியோடு அத்தொடர் நின்றது. பரப்பும் குழியும் மாறி மாறிப் பிளவுபட்டன. காணியின் பெயர் மாறவில்லை. பெண்கள் ஒருவரையடுத்து ஒருவராக வந்தனர். இதிலே புதுமை எதுவுமில்லை. 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார் ஒப்புநோக்கிய தேசவழமையில், தந்தைவழி முதுசம் மைந்தர்க்கும் தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்தல் பழைய வழக்கமெனக் கூறப்பட்டுள்ளது. காணி பெண்வழியிற் சென்ற ஒரு சமூகம் தன் வம்சாவளியை மட்டும் ஆண்வழியில் எழுதிக்கொண்டது. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தையும் றங்குப் பெட்டியையும் அருகருகே வைத்து வாசிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படும். இவ்விரண்டிலே எதனை ‘என் குடும்பம்’ என்பது? உறுதி கூறுவதையே யாம் தெரிந்துகொள்வோம். புகழ்வதற்காக எழுதப்படாமையால் அது பொய்கூறத் தேவையற்றது.

ஆயினும் உறுதியும் உடையோர்க்கே உரியது. அதே தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகளும் உள. சீதனமாகக் கொடுக்கப்பட்டவற்றிலே காணி, நகை என்பவற்றோடு மனிதரும் அடங்கினர். இலங்கையில் அடிமைமுறை 1844இலே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய உறுதியிலே ஒரு குடும்பம் தன் மூதாட்டியின் பெயரைக் காணும் அதே வரிக்கு அடுத்த வரியிலே, இன்னொரு குடும்பத்தின் மூதாட்டி கைமாற்றப்பட்ட பொருளாகக் காணப்படலாம். ஹேலி தேடிய ரோபியின் நிலை இதுவே. ஹேலியின் சான்றுகள் பிழைபட்டிருக்கலாம். தன் பாட்டன் உடைமைப் பட்டியலிலே மட்டும் இடம்பெற்ற ஒருவன் எவ்வாறு வம்சாவளி எழுதுவது என்று அவர் எழுப்பிய வினா பிழையன்று. நமது பிறப்புப் பதிவுகளைப் பார்த்தோர் அறிவர்: ஒடுக்கப்பட்ட சமூகத்தவரின் பிள்ளைக்குக் கந்தசாமி என்று பெயர் கூறினாலும் கந்தன் என்றே எழுதப்பட்ட காலமொன்று இருந்தது. மரியாதை விகுதி பதிவாளரின் பேனாமுனையில் நின்றுவிடும். அச்சமூகத்திலிருந்து வந்த கே. டானியல், 1970களிலிருந்து ‘பஞ்சமர்’ முதலிய நாவல்களை எழுதினார். அவற்றை உருவநோக்கிற் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பாத்திரங்கள் மிகப் பல. யார் யாருக்கு என்ன முறை என்ற விவரங்கள் கதையோட்டத்தைத் தடுப்பன என்பர். அக்குறை உண்மையே. எனினும் எழுதப்பட்ட வம்சாவளி எதுவும் இல்லாத ஒரு சமூகத்துக்கு, ஊரும் உறவும் பெயருமாக ஒன்றை எழுதிவைக்கும் வேலையையும் அந்நாவல்கள் சேர்த்தே சுமந்தன என்பதை நினைவிற்கொண்டு அக்குறையை மதிப்பிடுதல் வேண்டும்.

மூதாதையரைத் தேடுதல் பொழுதுபோக்காக அமையாத ஓரிடமும் இந்நாட்டிலே உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் குடிமகனாவதற்குத் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத தோட்டங்களிலே, கங்காணியின் பின்னே கடல்கடந்து வந்தோரின் மக்களிடம் பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர்களிற் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்; எஞ்சியோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடே தீர்ந்தது. கைலாயமாலைப் பிரபுக்களிடம் எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. கடல்கடந்து வந்தமையே அவர்க்குப் பெருமையாயிற்று. அதே கடலை அதே திசையிலே கடந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு அது குற்றமாயிற்று. வருகையைப் பாடிய நூலொன்று முன்னவர்க்கு இருந்தது. பின்னவர்க்கு இருந்தது பிரட்டுக்களத்துச் செக்றோல் மட்டுமே.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபொழுது ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே எத்தனையோ றங்குப் பெட்டிகள் வீதியோரங்களிற் கைவிடப்பட்டன. எஞ்சிய உறுதிகளும் கல்வெட்டுக்களும் தோட்டப் பதிவேடுகளும் இன்னும் வீடுகளிலும் கந்தோர்களிலும் கிடக்கின்றன. ஆண்டுதோறும் கறையான் தின்கின்றது. இவற்றைத் திரட்டும் பணியிலே விடுமுறைக் காலத்திலாவது மாணவர் ஈடுபடலாம். எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்து நண்பனின் வீட்டுக் கல்வெட்டை ஒருநாள் வாங்கி, கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தன் குறிப்புப் புத்தகத்திலே அதேபோன்ற ஒரு கிளையை வரையத் தொடங்கினார். தன் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், தாயின் தாய் பெயர் வரை வந்தது. அதற்கு மேலே ஒரு கட்டம் வரைந்து, பெயர் தெரியாமையால், அவள் கொழுந்து பறித்த தோட்டத்தின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் அதனுள் எழுதினார்.